ஒரு நூல் ஏத்து

பெட்ரோலோடு ஆமணக்கெண்ணெய் கலந்து எரியும் வாசனை. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கரிப்பு, யார் வீட்டு அடுப்பிலோ பால் பொங்கி வழிந்து தீய்ந்ததுபோல. போன வாரம் ரங்கசாமி குளம் பக்கம் சிக்னலில் நின்றிருந்தேன். நீலப்புகை கக்கிக்கொண்டு ஒரு பழைய வண்டி என்னைத் தாண்டிப் போனது. பக்கத்து ஷேர் ஆட்டோவில் இருந்த அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். நான் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு மூச்சை இழுத்தேன். பச்சை விழுந்ததே தெரியவில்லை. பின்னால் ஹாரன், அதற்குப் பின்னால் வசவு. வாசனைக்குள்ளிருந்து என் சிநேகிதன் குரல்தான் கேட்டது: "வாய மூடிக்கினு வண்டிய ஓட்டு கவிஞரே."

அட்டை அடிப்பது என் தொழில். புடவை பார்டரில் அன்னம் வர வேண்டுமா, யாளி வர வேண்டுமா என்பதைத் தறிக்குச் சொல்வது நான் துளை போட்டுத் தரும் ஜக்கார்டு அட்டைகள். துளை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் படுத்திருக்கும். இப்போது கம்ப்யூட்டரில் வரைகிறேன், மெஷின் துளைக்கிறது, பிள்ளையார்பாளையத்தில் பாதித் தெரு என்னிடம்தான் வருகிறது. மிச்ச நேரத்தில் வரி உடைக்காத கவிதைகள். ஓரிடத்தில் உட்கார முடியாத உடம்பு. தறியில் இங்கும் அங்கும் ஓடும் நாடாவைக் காட்டி என் மனைவி சொல்வாள், "இது கூட சாயங்காலம் ஆனா நிக்குதுங்க."

அந்தச் சிநேகிதனுக்கு வாலாஜாபாத் ரோட்டில் இரும்பு கடையும் லேத் பட்டறை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. சொந்த ஊர் தென்னேரி, ஏரிக்கரையை ஒட்டிய தெரு. அவன் வீட்டில் இரும்பைத் தொட்ட முதல் ஆள் அவன்தான். அதற்கு முன்னால் எல்லாரும் அடுத்தவர் கழனியில் நின்றவர்கள். அதை அவன் அழுமூஞ்சியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "எங்கப்பா சேத்துல நின்னாரு, நான் ஆயில்ல நிக்கிறேன். அழுக்கு அதே அழுக்குதான், நாத்தம்தான் வேற" என்பான்.

வண்டி எங்கள் இருவருக்கும் பொது. நூறு சி.சி., டூ ஸ்ட்ரோக், வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியது. ஒரு வாரம் அவனிடம், ஒரு வாரம் என்னிடம், ஞாயிற்றுக்கிழமை மாலை கைமாறும். அவன் வாரத்தில் அது சர்ச்சுக்கும் கல்யாணத்துக்கும் பொண்ணு பார்க்கவும் போனது. என் வாரத்தில் காரணமே இல்லாமல் போனது. திருமுக்கூடல் வரை ஓட்டிப்போய், மூன்று ஆறு சேரும் இடத்தில் மூன்று ஆற்று மணல் சேர்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். பிறகு இருவர் வீட்டுக்கும் ஸ்கூட்டர் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள். வண்டி பட்டறை மூலையில் தார்ப்பாய்க்குள் போனது. ஆர்.சி. காலாவதி ஆனதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

பிறகு அவனுக்கு ஓசூரில் கம்பெனிகளின் லேத் வேலை நிரந்தரமாக அமைந்தது. குடும்பம், பட்டறை எல்லாவற்றோடும் பெயர்கிறான். லேத்தை ஏற்ற லாரி சொல்லியாகிவிட்டது. அப்போதுதான் தார்ப்பாயைத் தூக்கினோம். வண்டி யாருக்கு?

"நான் எடுத்துக்கினு போறேன்" என்றான். "நீ ஓட்ட மாட்ட. தொடச்சி தொடச்சி வெச்சிக்கினு அதப் பத்தி எழுதிக்கினு இருப்ப."

"ஓட்டுவேன்டா. ரோட்டுல போலீசு வுட மாட்டான், டிராக்ல ஓட்டறேன்."

"எந்த டிராக்ல? தேரு சுத்தற வீதிலயா?"

திருப்பெரும்புதூர் பக்கம் இருக்கும் பந்தயத் தடத்தில் சில ஞாயிறுகளில் பழைய வண்டிக்காரர்களுக்கென்று இருபது நிமிடம் ஒதுக்குவார்கள். பணம் கட்டி, ஹெல்மெட்டும் தோல் உடுப்பும் போட்டுக்கொண்டு, யாரையும் இடிக்காமல் சுற்றி வரலாம். அவன் கிளம்புவதற்கு முந்தின நாளே அப்படி ஒரு ஞாயிறு இருந்தது.

அவன் பஞ்சுக்கழிவில் கையைத் துடைத்தான். "சரி. இருவது நிமிஷம் வண்டி நிக்காம ஓடணும். ஓடிச்சின்னா இங்கயே இருக்கட்டும், ஒன்னோடது. நின்னுச்சின்னா மறுநா காலைல என் லாரில ஏறிடும். அப்புறம் பேச்சே கிடையாது."

கையடித்தேன். யோசித்தால் சிரிப்பு வருகிறது. வண்டி நின்றால் அவனுக்கு லாபம். ஆனால் நிற்காமல் ஓடும்படி அதைக் கட்ட வேண்டியவனும் அவன்தான். "உனக்கு வேற லேத்து கெடைக்குமா இந்த ஊர்ல? என்கிட்டதான் வந்தாவணும்" என்று அதையும் அவனே சொல்லிக்கொண்டான்.

வண்டியை எலும்புவரை பிரித்தோம். ஹெட்லைட், இண்டிகேட்டர், ஸ்டாண்டு, கேரியர் எல்லாம் கழன்றன. பின்சக்கரத்தில் புடவை சிக்காமல் இருக்கும் கம்பியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சோறு கொண்டுவந்த என் மனைவி பார்த்துவிட்டாள். "காஞ்சிபுரத்துல இருந்துக்கினு சாரி கார்டக் கழட்டற மொத ஆளு நீங்க ரெண்டு பேர்தான்" என்றாள். அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் ஒருக்களித்து உட்கார்ந்து எத்தனை கல்யாணங்களுக்கு வந்திருப்பாள்! அதை வாங்கித் துடைத்து வீட்டுக்கு எடுத்துப் போனாள். இப்போது அதில் அவரைக் கொடி ஏறியிருக்கிறது.

கிராங்க்கைப் பிரித்துப் புது பேரிங் போட்டான். சீல் எல்லாம் புதுசு. அடுத்தது சிலிண்டர். பட்டறைப் பேச்சில் அது பிளாக். டூ ஸ்ட்ரோக்கில் வால்வு கிடையாது. பிளாக்கின் உள்சுவரில் வாசல்கள் இருக்கும், பிஸ்டன் ஏறி இறங்கும்போதே அவற்றைத் திறந்து மூடும். புகை வெளியேறும் வாசலின் மேல்விளிம்பைக் கொஞ்சம் உயர்த்தினால் அது சீக்கிரம் திறக்கும், வண்டி வேகத்தில் மூச்சுவிடும். துளை எங்கே இருக்கிறதோ அதுதான் வண்டியின் குணம். எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. துளையால் அன்னத்தை யாளியாக்கிப் பிழைக்கிறவன் நான்.

எங்களிடம் இருந்தது ஒரே பிளாக். இப்போது கடைகளில் கிடைப்பதெல்லாம் போலி, உள்ளே பஞ்சுபோல இருக்கும் என்பான்.

அவன் பட்டறையிலிருந்து போன் செய்தபோது நான் வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டுத் தறி, எதிர் வீட்டுத் தறி, எங்கள் வீட்டுத் தறி, மூன்றும் அடித்துக்கொண்டிருந்தன.

"கிரைண்டர் கைல இருக்குது. எவ்ளோ ஏத்தணும்?"

"ஒரு நூல் ஏத்து, போதும்."

"ஒரு நூலா? நல்லா யோசிச்சிதான் சொல்றியா?"

"ஒரே ஒரு நூல்டா. அதுக்கு மேல போவாத."

"சரி கவிஞரே. உன் இஷ்டம்."

சாயங்காலம் போனேன். பிளாக்கை எடுத்து வெளிச்சத்தில் காட்டினான். விளிம்பை அழகாக வளைத்து, உப்புத்தாள் போட்டு மெருகேற்றி வைத்திருந்தான். வாசல் இருந்த இடத்தில் கோபுர வாசல் நின்றது.

"இன்னாடா இது?"

"நீ சொன்னதுதான். ஒரு நூலு."

"இதுவா ஒரு நூலு?"

அவன் சட்டைப்பையிலிருந்து இரும்பு ஸ்கேலை உருவினான். "இங்க பாரு. ஒரு இஞ்சிக்கு எட்டுக் கோடு. ஒரு கோடு ஒரு நூலு. ஆசாரி கிட்ட கேளு, கொத்தனாரக் கேளு, எவன வேணாலும் கேளு."

நான் என் சட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருந்த பட்டிழை ஒன்றைப் பிய்த்து அவன் மூக்குக்கு நேராகப் பிடித்தேன். "இதுதான்டா நூலு! இது!"

அவன் அந்த இழையைப் பார்த்தான், ஸ்கேலைப் பார்த்தான், பிளாக்கைப் பார்த்தான். என் தெருவில் ஒரு நூல் என்றால் மயிரிழை. அவன் தொழிலில் ஒரு நூல் என்றால் அரைக்கால் அங்குலம். இத்தனை வருடமாக இரண்டு பேரும் அந்தச் சொல்லை வைத்துப் பேசியிருக்கிறோம். கதவு ஒரு நூல் இடிக்கிறது, டீயில் சர்க்கரை ஒரு நூல் கம்மி. ஒருமுறைகூட ஸ்கேல் வைத்துப் பார்த்ததில்லை.

சிரித்திருக்க வேண்டிய இடம். என் வாயில் வந்தது வேறு. "வேணும்னே பண்ணியாடா?"

அவன் லேத்தை நிறுத்தினான். சுற்றி முடித்து அது ஓய்ந்தது.

"இன்னா சொன்ன?"

"வண்டி நின்னா ஒன்னோடதுதான?"

பிளாக்கைப் பழைய செய்தித்தாளில் சுற்றி என் கையில் வைத்தான். "எடுத்துக்கினு போ. உங்க தெருவுல எவனாவது நூலக் கட்டி ஒட்ட வெப்பான்."

வீட்டில் அதைத் தறியில் நீளவாட்டில் விரிந்த பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். மனைவி தறியை நிறுத்தாமலே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு நிறுத்தினாள்.

"அண்ணன் வேணும்னு கெடுத்துட்டாருன்னு நெனைக்கிறீங்களா?"

"தெரியல."

"கெடுக்கணும்னு நெனைக்கிறவரு எதுக்குங்க உப்புத்தாள் போட்டு இப்பிடிப் பளபளன்னு தேய்ச்சி வெப்பாரு?" வாசலுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். "பட்டு மாதிரி இருக்குது."

மறுநாள் காலை பட்டறை திறக்குமுன் நான் அங்கே நின்றேன். அவன் ஷட்டரைத் தூக்கினான், என்னைப் பார்த்தான், டீக்கடைப் பக்கம் இரண்டு விரலைக் காட்டினான். டீ வந்தது. குடித்துவிட்டு, "சர்க்கரை ஒரு நூலு ஜாஸ்தி" என்றான். அதோடு அது முடிந்தது.

"வெட்டினத ஒட்ட வெக்க முடியாது" என்றான். "ஓட்டை பெருசாயிடுச்சி. மத்த எல்லாத்தையும் அதுக்கு மேட்ச்சா கொண்டாரணும். இனிமே இது பால் வாங்கப் போற வண்டி கிடையாது மச்சி. இது ரேஸ் வண்டி. ஓட்டறவனுக்கு தில்லு இருக்குதான்றதுதான் டவுட்டு."

வாசல் சீக்கிரம் திறப்பதால் அமுக்கம் குறையும். அதை ஈடுகட்ட, பிளாக்குக்கு மூடியான ஹெட்டை லேத்தில் சீவினான். பெட்ரோல் கலவை உள்ளே வரும் பக்கவாசல்களைத் திருத்தும்போது என்னைப் பக்கத்திலேயே நிற்க வைத்தான். கோடு கிழித்து, கோட்டின்மேல் கிரீஸ் தடவி, என் பட்டிழையை ஒட்டினான். "இந்த தடவ உன் நூலு" என்று இழை அறுகிற இடத்தில் கிரைண்டரை எடுத்துவிட்டான். பெரிய கார்புரேட்டர் வந்தது, ரேஸ் வண்டிக்கென்று பெட்ரோலில் ஆமணக்கெண்ணெயும் வந்தது.

புகைக்குழல்தான் பெரிய வேலை. நடுவில் வயிறு பெருத்து இரண்டு பக்கமும் ஒடுங்கும் குழல். டிராக்காரர்கள் சேம்பர் என்பார்கள். அதன் நீளத்தில்தான் வண்டி எந்த வேகத்தில் பாடும் என்பது இருக்கிறது. கூம்பு கூம்பாகத் தகட்டை வெட்டி, சுருட்டி, ஒட்ட வேண்டும். கூம்பை விரித்தால் வரும் வடிவத்தை நான் வரைந்தேன். வரைய அட்டை? என்னிடம் இல்லாத அட்டையா! யாருக்கும் வேண்டாமல் கிடந்த பழைய மாங்காய் பார்டர் அட்டைகளை எடுத்து, தறிக்குக் கோப்பதுபோலவே கயிற்றால் வரிசையாகக் கோத்து, அதன்மேல் வெட்டினேன். அவன் அதைத் தகட்டில் வைத்துச் சுற்றிக் கோடிழுத்தான். துளைகள் வழியாகப் பென்சில் இறங்கி, தகட்டில் புள்ளி புள்ளியாக ஒரு மாங்காய்த் தோப்பே விழுந்தது. அழிக்காமல் விட்டான். வெல்டிங் சூட்டில் தகடு நீலமும் வெண்கலமும் ஏறி மயில்கழுத்து நிறமானது. அப்படி ஒரு நிறம் தோய்த்துக் கேட்டால் எங்கள் ஊர் சாயக்காரர் முன்பணம் கேட்பார்.

முதல் உதையில் இருமியது. அடுத்த உதையில் பிடித்துக்கொண்டது. பட்டறைத் தகரக்கூரை நடுங்கியது. டீக்கடைக்காரர் கிளாசோடு ஓடி வந்தார். "என்னாபா, எலிகாப்டரு எறங்குதா?"

தென்னேரிக்குக் குட்டி யானை வேனில் ஏற்றிப் போய், அவன் அண்ணனுடைய நெற்களத்தில் ஓட்டிப் பார்த்தோம். அப்போதுதான் அதன் குணம் புரிந்தது. மெதுவாகப் போனால் ஒன்றுமே இல்லை, திக்கும், முனகும், செத்துவிடும் போலிருக்கும். முறுக்கிக்கொண்டே போய் ஒரு கட்டத்தைத் தாண்டினால், பின்னால் உட்கார்ந்து ஒத்து ஊதிக்கொண்டிருந்தவன் திடீரென்று நாயனத்தைப் பிடுங்கி வாயில் வைத்ததுபோல ஒரு வீறல். முன்சக்கரம் லேசாகும். ஏரிக்கரைக் கொக்குகள் மொத்தமாக எழும்பின.

"கிளட்ச்ச ரெண்டு வெரலால புடிச்சிக்கினே ஓட்டு" என்று கத்தினான். "இஞ்சின் சுத்து எறங்கவே கூடாது. எறங்குச்சி, அவ்ளோதான். லாரி."

அந்த ஞாயிறு. வாடகைத் தோல் உடுப்பு என்னை இறுக்கி, நாடாவுக்குள் போகும் தார்க்குச்சியில் சுற்றிய பட்டாக்கியிருந்தது. தடத்துக்காரர் ஒருவர் ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தார், சேம்பரில் கை வைத்தார். "இது என்ன சார், மாங்கா டிசைன்?"

"பார்டர்" என்றேன்.

அவன் சுவரோரம் நின்றான், கையில் பஞ்சுக்கழிவு. "கொன்னுடாத" என்றான். வண்டியையா என்னையா என்று கேட்க நேரமில்லை, கொடி அசைந்துவிட்டது.

நான் சொல்லிக்கொள்வேன், நன்றாக ஓட்டினேன். நேர்வழியில் பெரிய வண்டிகள் என்னைத் தாண்டின, வளைவுகளில் நான் அவர்களைத் தாண்டினேன். தார்ச்சாலை காலடியில் பட்டுப்பாவுபோல விரிந்துகொண்டே வந்தது, நான் நாடா, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம், அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம், பின்னால் நீலப்புகை, ஆமணக்கு வாசனை, தொண்டைக்குள் நான் போட்ட கூச்சல் எனக்கே கேட்கவில்லை. ஐம்பதை நெருங்கும் உடம்பில் அன்றைக்கு வலி என்று எதுவும் இல்லை.

ஒரே ஒரு மெது வளைவுதான் பயம். கொண்டை ஊசிபோல மடங்கும் இடம். அங்கே கியரை இறக்கி, கிளட்ச்சைப் பாதியில் பிடித்து, இஞ்சின் சுற்று இறங்காமல் திருப்ப வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் செய்தேன். கடைசிச் சுற்று என்று பலகை காட்டினார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் ஒரு கியர் இறக்க மறந்தேன்.

வளைவின் நடுவில் சத்தம் நின்றது.

அந்த அமைதி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. டயர் தரையில் உருளும் சத்தம், காற்று. கிளட்ச்சை அழுத்தினேன். சைக்கிள் வேகம். அதற்கும் கீழே. கீழ் கியருக்குத் தட்டினேன், உடம்பை முன்னால் தள்ளினேன், கிளட்ச்சை விட்டேன். ஒரு குலுக்கல். ஒரு இருமல். பிறகு நாயனம்.

கோட்டைத் தாண்டி உள்ளே வந்து ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவன் சேம்பரையே பார்த்துக்கொண்டிருந்தான், முகத்தில் ஒன்றும் இல்லை.

"சத்தம் நின்னுச்சிடா. எனக்கு கேட்டுச்சி" என்றான்.

"இஞ்சின் நின்னுச்சி. சக்கரம் நிக்கல."

"நிக்கவே இல்லியா?"

"இல்ல. உருண்டுக்கினேதான் இருந்துச்சி."

அந்த வளைவு சுவரோரத்திலிருந்து தெரியாது. என் சொல்லைத் தவிர அவனிடம் எதுவும் இல்லை. பஞ்சுக்கழிவால் டாங்க்கை நிதானமாகத் துடைத்தான், அவன் வாரம் முடிந்து வண்டியைக் கைமாற்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் துடைப்பதுபோல. இஞ்சின் நின்றாலே வண்டி நின்றதுதான் என்று அவன் சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க முடியாது. அன்று காலை வரைக்கும் அவனுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். லாரியில் லேத்துக்குப் பக்கத்தில் அதற்கு இடம் ஒதுக்கி, கட்டக் கயிறும் வாங்கி வைத்திருந்தான்.

"நாம பேசினது வண்டி நிக்கக் கூடாதுன்னு" என்றான். "சக்கரம் நிக்கலன்னா வண்டி நிக்கல. தள்ளு, ஏத்துவோம்."

குட்டி யானையில் ஏற்றி, லாரிக்கென்று வாங்கிய கயிற்றாலேயே கட்டினான். வழியெல்லாம் என் கியர் மாற்றும் லட்சணத்தை டிரைவரிடம் நடித்துக் காட்டிக்கொண்டு வந்தான்.

மறுநாள் காலை வாலாஜாபாத் ரோட்டில் லாரி நின்றது. பட்டறை காலி. லேத் இருந்த இடத்தில் தரையில் எண்ணெயின் சதுரம். அவன் குடும்பம் முன்னாலேயே பஸ்ஸில் போயிருந்தது. என் மனைவி கொடுத்தனுப்பிய புளிசாதத்தைக் கொடுத்தேன், அவன் ஸ்கேலை எடுத்து என் சட்டைப்பையில் செருகினான். நான் தயாராக வைத்திருந்தேன். சிவப்புப் பட்டுநூல், முறுக்கிக் கட்டிய ஒரு சிட்டம். வாங்கி மோந்து பார்த்துவிட்டுச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். கட்டிப்பிடிக்கவில்லை, எங்களுக்கு அது வராது. டிரைவர் ஹாரன் அடித்தார். ஏறி, ஜன்னலில் முழங்கையை வைத்தான்.

லாரி நகர ஆரம்பித்தது. அவன் தலையை வெளியே நீட்டினான்.

"மச்சி, நேத்து கிளட்ச்ச ரொம்ப புடிச்சிட்ட. கேபிள் டைட்டா கீது. லிவர்ல ஒரு நூலு ஆட்டம் வுடு."

நான் கூடவே ஓடினேன். "உன் நூலா, என் நூலா?"

"என்னுதுடா! உன் நூல வெச்சா கிளட்ச்சு கருகிப்பூடும்!"